நீராவிக் குழாயின் அதிர்வைப் பிடிக்க இரண்டு மாதம்

நீராவிக் குழாயோடு இணைந்த சிறு வடிகால் குழாயின் வெல்டில் இரண்டாம் முறையாக விரிசல் கண்டபோதுதான், இரண்டு மாதமாகச் செய்துவந்த வேலை அத்தனையும் வீண் என்பது எனக்கு உறைத்தது. 10 பார் அழுத்தத்தில் நிறைவுற்ற நீராவி செல்லும் பிரதான குழாய் அதிர்கிறது என்றதும், சப்போர்ட் தளர்ந்திருக்கும் என்று முடிவுகட்டிப் புதிய கிளாம்ப்புகளைப் போட்டோம். பெரிய குழாய் சற்று அடங்கியது. சிறு குழாய்கள் அடி வாங்கின.

அழைத்துவந்த நிபுணரோ ஆலை முழுச் சுமையில் ஓடிய நாளில் அளந்து, அதிர்வு வரம்புக்குள் இருப்பதாக எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். அவரை மட்டும் நொந்து பயனில்லை. முக்கால் சுமையில்தான் குழாய் அலறும், ஓட்டம் கூடினால் அடங்கிவிடும் என்பதை, அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கிவிட்டு நாங்களே அவரிடம் சொல்லாமல் இருந்தோம்.

பிறகு சுமையை மாற்றி மாற்றி அதிர்வெண் வாரியாக அளந்தோம். நீராவியின் வேகம் நொடிக்கு 32 மீட்டரிலிருந்து 38 மீட்டர் வரை ஏறியும், 137 ஹெர்ட்ஸில் நின்ற முகடு, அதாவது அதிர்வு உச்சம் தொடும் அதிர்வெண், ஏறக்குறைய நகரவே இல்லை. வெறும் கொந்தளிப்பு இப்படி ஒரே சுருதியில் நிற்காது. எங்கோ ஒரு முனை மூடிய கிளைக்குழாய், புட்டியின் வாயில் ஊதுவதுபோல, ஓடும் நீராவியால் ஊதப்படுகிறது என்று பொருள். வரைபடத்தில் அப்படியொரு கிளையே இல்லை! குழாயைச் சுற்றிய லேகிங்கை, அதாவது வெப்பக்காப்பு உறையை, பிரிக்க அனுமதி வாங்கவே ஒரு வாரம் ஆனது. பிரித்தால், எப்போதோ பாதுகாப்பு வால்வைக் கழற்றிவிட்டு பிளைண்ட் பிளேஞ்ச் (துளையில்லாத மூடித்தட்டு) போட்டு மூடிய, 100 மில்லிமீட்டர் விட்டமும் 0.9 மீட்டர் நீளமும் உள்ள கிளை நின்றது.

அந்த நீராவியில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 500 மீட்டர். ஒரு முனை மூடிய கிளையின் நீளத்துக்குள் ஒலி அலையின் கால்பங்கு அடங்கும் என்பதால், அதை நீளத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் 139 ஹெர்ட்ஸ். கிளையின் வாயில் உருளும் சுழல்களுக்கு ஸ்ட்ரூஹால் எண்ணை (சுழல்களின் அதிர்வெண்ணைக் கிளையின் விட்டத்தால் பெருக்கி, ஓட்டத்தின் வேகத்தால் வகுத்தது) 0.4 என்று கொண்டால், அவை இதே அதிர்வெண்ணை எட்டும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 35 மீட்டர். முழுச் சுமையில் வேகம் 45 மீட்டர் என்பதால் நிபுணர் வந்த அன்று குழாய் சாதுவாக இருந்திருக்கிறது.

அடுத்த ஷட்டவுனில் கிளையை 0.3 மீட்டராக வெட்டினோம், முகடு மறைந்தது. நீளத்தை அளப்பவர்கள் பிரதான குழாயின் உட்சுவரிலிருந்து அளக்க வேண்டும். கிளையில் மூடிய வால்வு இருந்தால் அதன் தட்டு வரை அளக்க வேண்டும், பிளேஞ்சோடு நிறுத்தினால் கணக்கு தப்பும். அவசரத்தில் போட்ட கிளாம்ப்புகள் குழாயின் வெப்ப விரிவைத் தடுப்பதால், இப்போது அவற்றைக் கழற்ற மறுபடியும் அனுமதிக்கு எழுதிக்கொடுத்திருக்கிறேன்.