துடக்கி முடக்கியிட

ஜூன் 3
வயிற்று வலி, இரவில் மூன்று தடவை. சுருண்டு படுத்தால் கொஞ்சம் தாங்க முடிகிறது.

ஜூன் 4
அக்கா திருநீறு பூசிவிட்டாள். தலையைத் திருப்பிக்கொள்ளக்கூடத் தெம்பில்லை.

ஜூன் 6
"குத்துதா, எரியுதா, இழுக்குதா?" என்று டாக்டர் கேட்டார். எதைச் சொன்னாலும் பொய் போலத் தோன்றியது. சாயங்காலம் அக்கா தேவாரத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்பரின் முதல் பதிகத்தை வாசித்தாள். 'தோற்றாதென் வயிற்றின் அகம்படியே குடரோடு துடக்கி முடக்கியிட.' வெளியே தெரியாமல் வயிற்றுக்குள்ளே குடலோடு கட்டி முடக்கிப் போடுகிறதாம். கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இதுதான் என் வலி, அப்படியே. ஏழாம் நூற்றாண்டில் ஒருவர் திருவதிகைக் கோயிலில் நின்று இதைச் சொல்லி வைத்திருக்கிறார். திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். வலி குறையவில்லை. ஆனால் இத்தனை நாளில் இன்றுதான் அதனோடு தனியாக இல்லை.

ஜூன் 8
பெரியபுராணத்தில் அப்பருக்கு இந்த வலி வந்த இடத்தை நானே எடுத்துப் படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம். தம்பி சமணத்துக்குப் போய்விட்டான் என்று அப்பரின் அக்கா திலகவதியார் அழுது வேண்டுகிறார். இறைவன் கனவில் வந்து, சூலை என்ற வயிற்று நோயைக் கொடுத்து அவனை ஆட்கொள்வோம் என்கிறான். அப்படியென்றால் அந்த நோய் அக்கா கேட்ட வரமா? பெற்றவர்கள் போய், மணம் பேசியிருந்த கலிப்பகையாரும் போரில் போய், தம்பிக்காகவே உயிர் வைத்திருந்தவர். அவர் வேண்டியதற்குப் பதில் இதுவா?

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் என் அக்கா. பதினொரு வருஷமாக நான் கோயில் வாசல் மிதிக்கவில்லை. அந்தப் பதினொரு வருஷமும் எனக்காக விளக்கேற்றியிருக்கிறாள்.

ஜூன் 9
அவளோடு பேசவில்லை.

ஜூன் 10
கேட்டுவிட்டேன். "எனக்காக என்னக்கா வேண்டிக்கிட்டே?" வெகுநேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ நல்லா இருக்கணும்னுதான்டா. வேற ஒண்ணும் கேக்கத் தெரியாது எனக்கு." பிறகு அழுதாள். என்னால் கையை மட்டும்தான் நீட்ட முடிந்தது, அதிலும் ட்ரிப்ஸ் ஊசி.

ஜூன் 12
'நலந்தீங்கிலும் உன்னை மறந்தறியேன்.' அதே பதிகத்தில் வரும் இந்த வரி விடமாட்டேன் என்கிறது. தருமசேனர் என்ற பெயரில் அத்தனை காலம் சமண நெறியில் இருந்தவர் எப்படி 'மறந்தறியேன்' என்று பாடலாம்? அவர் பொய் சொல்ல மாட்டார். வயிறு முறுக்கும்போது பொய் வராது, அது எனக்கே தெரியும். இன்று விடியற்காலையில் வலி உச்சத்துக்குப் போனபோது வாயில் வந்தது சிவசிவ. அது எனக்குள் எங்கே இருந்தது? நான் கூப்பிட்ட மாதிரி இல்லை. முன்னமே அங்கே இருந்து, வலி வந்து கதவைத் திறந்த மாதிரி இருந்தது. ஒருவேளை அவர் சொல்வதும் இதைத்தானோ. தன்னை அறியாமலே மறக்காமல் இருந்தது.

வலியை நல்லது என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

ஜூன் 13
பதிகத்தின் முதல் வரியிலேயே 'நானறியேன்' என்று சொல்லிவிடுகிறார் அப்பர். என்ன பாவம் செய்தாய் என்று கேட்டுக்கொண்டு வந்த சித்தப்பாவிடம் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 14
நாளை மறுநாள் ஆபரேஷன். கையெழுத்துப் போட்டாயிற்று.
பக்கத்துக் கட்டில் பெரியவர் நாமம் போட்டவர். குலசேகர ஆழ்வார் பாசுரம் ஒன்றைச் சொன்னார்: 'வாளால் அறுத்துச் சுடினும் மருத்துவன்பால் மாளாத காதல் நோயாளன் போல்.' "எனக்கு ரெண்டு தடவை அறுத்தாச்சு தம்பி. ரெண்டு தடவையும் இதைச் சொல்லிக்கிட்டேதான் போனேன்" என்றார். மாளாத காதல் எனக்கு வருமா தெரியவில்லை. அறுக்கிற கையை நம்புவது வரைக்கும் வந்திருக்கிறேன்.

ஜூன் 15
பயம்.

இரவு
தூக்கம் இல்லை. அப்பர் பதிகத்தின் பத்தாம் பாட்டு. மலைக்கீழ் நசுங்கிய இராவணனுக்கும் அருள் செய்தாயே, அதை நினைக்கமாட்டாயா என்று கேட்கிறார். 'வேர்த்தும் புரண்டும் விழுந்தும் எழுந்தால்.' எழுந்தால் என்கிறார். விழுந்ததோடு நிறுத்தவில்லை. அக்கா தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறாள், தூங்கவில்லை, உதடு அசைகிறது. என்ன வேண்டுகிறாள் என்று இந்தத் தடவை கேட்கவில்லை. நானும் கூடச் சேர்ந்து

ஜூன் 16
நர்ஸ் வந்துவிட்டார். திருநீற்றை அழிக்க வேண்டும் என்கிறார். அக்கா