ஞாயித்துக்கிழமை தயிர்சாதம்

என் தம்பிக்கு ஸ்கிசோஃப்ரினியாங்கற மனநோய். 2020 பிப்ரவரில அட்மிட் பண்ணோம், சென்னைலதான், ஆஸ்பத்திரி பேரு வேணாம். ஞாயித்துக்கிழமையானா பெரம்பூர்லேர்ந்து தயிர்சாதம், மோர் மிளகாய், ஒரு கட்டு பீடி எடுத்துட்டு போவேன். அவன் மொதல்ல பீடிய எண்ணுவான், அப்புறம்தான் சாதம்.

மார்ச் 24 ராத்திரி லாக்டவுன் சொன்னாங்க. அந்த வாரம் போலீஸ்கிட்ட மருந்து சீட்ட காட்டி கேட் வரைக்கும் போயிட்டேன், வாட்ச்மேன் விடல, சாப்பாடும் வாங்கல. அவர திட்டி என்ன ஆகப்போகுது, அவருக்கு வந்த ஆர்டர் அப்படி. ஆனா உள்ள இருக்கறவங்ககிட்ட யாரும் எதுவும் வெளக்கி சொல்லல. மூணு ஞாயிறு நான் வரலன்னதும் தம்பி ஒரு முடிவுக்கு வந்துட்டான், அக்கா செத்துட்டா, எல்லாரும் மறைக்கறாங்கன்னு. ரெண்டு நாள் சோறு தொடல.

வார்டுல வேல பாக்கற ஒரு அண்ணன்தான் தன் சொந்த போன்லேர்ந்து வீடியோ கால் போட்டாரு. தம்பி ரொம்ப நேரம் பேசவே இல்ல, ஸ்கிரீன்கிட்ட மூஞ்ச வெச்சு என்னையே பாத்துட்டு இருந்தான், அப்புறம் "பல்ல காட்டு"ன்னான். எனக்கு முன்பல்லு ஒண்ணு கொஞ்சம் ஒடஞ்சிருக்கும், அத பாத்துதான் நான்தான்னு நம்புனான்.

இது அந்த அண்ணன் நல்ல மனசால நடந்தது, ஆனா மனசப் பொறுத்து நடக்கற விஷயமா இது இருக்கவே கூடாது. 2017 மனநலச் சட்டத்துலயே இருக்கு, அட்மிட் ஆனவங்களுக்கு போன் பேசவும் பாக்க வர்றவங்கள பாக்கவும் உரிமை உண்டுன்னு. பாக்க விட முடியலன்னா சரி, நோய் பரவும், புரியுது. ஒரு வார்டுக்கு ஒரு போன் குடுத்து, வாரத்துக்கு ஒரு தடவ பேச வெக்கறதுல என்ன கஷ்டம்? அவங்களுக்கு அதுவும் மருந்துதான்.

இன்னொண்ணு கண்டிப்பா சொல்லணும், தம்பி சாப்பிடறது க்ளோசபின்ங்கற மாத்திரை, இந்த நோய்க்கு குடுக்கறது, அத சாப்பிடறவங்க வீட்டுக்காரங்க யாராவது படிச்சா உபயோகப்படும். ஏப்ரல் நடுவுல வார்டுலேர்ந்து போன், தம்பி பகல் பூரா தூங்கறான், எச்சில் ஒழுகி தலகாணியே நனையுதுன்னு. கொரோனாவோன்னு எங்களுக்கு கை கால் ஓடல. ட்யூட்டி டாக்டரம்மா கேட்ட மொத கேள்வி, "பீடி எத்தன குடிப்பாரு?" பீடி சிகரெட் புகை இருக்கற வரைக்கும் ஈரல் அந்த மாத்திரைய சீக்கிரமா கரைச்சு வெளிய தள்ளிடுமாம், திடீர்னு நிறுத்துனா அதே டோஸ் ரத்தத்துல ஏறிடும். காரணம் நிகோட்டின் இல்ல, புகை. பீடி கொண்டு போறவ நான், நான் போகாததால பீடி நின்னுச்சு, பீடி நின்னதால மருந்து ஏறிடுச்சு. ரத்தம் எடுத்து பாத்து டோஸ கொறச்சாங்க, பத்து நாள்ல தெளிஞ்சான். காய்ச்சல் வந்தாலும் இந்த மருந்து இப்படி ஏறும்னு அப்பதான் தெரியும்.

யாரோ தன்ன பின்தொடர்றாங்கன்னு பயப்படற பையன சுத்தி, திடீர்னு எல்லாரும் மூஞ்ச மூடிட்டு, வெள்ள டிரஸ்ஸ தலையிலேர்ந்து கால் வரைக்கும் மாட்டிட்டு நடந்தா அவனுக்கு எப்படி இருக்கும்? ஒரு சிஸ்டர் நெஞ்சுல ஸ்கெட்ச் பேனாவால பெருசா பேர் எழுதிட்டு வந்தாங்களாம், அவங்க குடுத்தா மட்டும் மாத்திரை முழுங்குவான். டிவில நாள் பூரா சாவு எண்ணிக்கை ஓடவும் அவங்கதான் பாட்டு சேனல் மாத்துனாங்க. சாயங்காலம் ஒரு தாத்தா கேரம் போர்ட எடுத்து வெச்சு ஒவ்வொருத்தரா பேர் சொல்லி கூப்புடுவாராம், வரலன்னா கட்டிலுக்கே போய் நிப்பாராம். அந்த வார்டு ஓடுனதே இப்படிப்பட்டவங்களாலதான்னு நான் நெனக்கறேன்.

கீழ்ப்பாக்கம்னு சொன்னாலே சிரிக்கற ஊரு நம்மளது. 1794லேர்ந்தே இங்க மனநல ஆஸ்பத்திரி இருக்கு, அந்த சிரிப்பு மட்டும் மாறல. 2021ல தடுப்பூசி வந்தப்ப, அடையாள அட்டை இல்லாதவங்களுக்கு எப்படி போடறதுன்னு மத்திய அரசு மே மாசம் தனியா வழிமுறை போட வேண்டியிருந்துச்சு, அந்த பட்டியல்ல மனநல ஆஸ்பத்திரில இருக்கறவங்களும் உண்டு. ஆதார் கூட இல்லாம, தேடி வர ஒரு ஆள் இல்லாம எத்தன பேரு.

2020 தீவாளி முடிஞ்சு ஒரு ஞாயிறு என்ன உள்ள விட்டாங்க. ஆறடி தள்ளி சேர், நடுவுல மேஜ, பத்து நிமிஷம். தயிர்சாதத்த அவன் தொறக்கல. "அக்கா, ஒரு நிமிஷம் அத எறக்கு"ன்னான். சுத்தி பாத்துட்டு மாஸ்க்க எறக்குனேன். என் பல்ல பாத்தான்.

"சரி, போட்டுக்கோ"ன்னு சொல்லிட்டு டிபன் பாக்ஸ தொறந்தான்.