எங்கள் ஊர்ச் சாம்பல் மனு சட்டமன்றம் வரை போன விவரம்

சாம்பல் பிரச்சினைக்கு எம்.எல்.ஏ.விடம் போய் என்ன ஆகப்போகிறது என்று எங்கள் தெருவில் பாதிப் பேர் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. அனல் மின் நிலையத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருவது மத்திய அமைச்சகம். சாம்பலை என்ன செய்ய வேண்டும் என்று அறிவிக்கை போடுவதும் அதே அமைச்சகம்தான். இதில் ஒரு தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கு என்ன பிடி இருக்கிறது? மனு எழுதின நாளிலிருந்து கூடவே இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல பிடி இருக்கிறது. அதை எங்கே பிடிக்க வேண்டும் என்பது தெரிய வேண்டும், அவ்வளவுதான். பக்கத்தில் இதே மாதிரி குழாயோ சாம்பல் குளமோ இருக்கிற ஊர்க்காரர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பிரச்சினை. நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம், 30 முதல் 45 சதவீதம் வரை இருக்கும். நூறு டன் எரித்தால் முப்பது நாற்பது டன் சாம்பல் எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? எங்கள் பக்கத்து நிலையத்தில் அதைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்குத் தள்ளுகிறார்கள். குழாய் போகிற வழி எங்கள் கழிமுகம். குழாய் பழசு. இணைப்புகளில் கசிகிறது. எங்கள் ஊரில் பெண்கள் உட்பட நிறையப் பேர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். இப்போது கையை விட்டால் முதலில் தட்டுப்படுவது சாம்பல் படிவு. சிமெண்டுக் கரைசல் மாதிரி வழவழவென்று இருக்கும், விரலிடுக்கில் ஒட்டினால் லேசில் போகாது. அதையும் தாண்டிப் போனால்தான் பழைய கறுப்புச் சேறு. இறால் அந்தக் கறுப்புச் சேற்றில் இருக்கிற உயிர்.

இதையெல்லாம் சேர்த்து ஒரு நீண்ட மனு எழுதிக்கொண்டு போனோம். மீன் இல்லை, இருமல், லாரிப் புழுதி, நிலையத்தில் உள்ளூர் ஆட்களுக்கு வேலை இல்லை, எல்லாம் அதில் இருந்தது. எம்.எல்.ஏ. அம்மா முழுவதும் படித்தார். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு உதவியாளரிடம் நீட்டவில்லை, அது எனக்குப் பெரிதாகப் பட்டது. படித்து முடித்ததும் எங்களோடு வந்த பெரியவரிடம், “அண்ணே, இது நாலு துறைக்குப் போகும். ஒவ்வொரு துறையும் மற்ற மூன்றையும் கைகாட்டும். உங்களுக்கு முதலில் நிற்க வேண்டியது எது?” என்று கேட்டார். பெரியவர் யோசிக்கவே இல்லை. “குழாய்க் கசிவு நிக்கணும் தாயி” என்றார். அதோடு மனு ஒரே விஷயத்துக்குச் சுருங்கியது. “கொடூரமான”, “மனசாட்சியற்ற” என்று நாங்கள் எழுதியிருந்ததையெல்லாம் பென்சிலால் அடித்துவிட்டு, அந்த இடங்களில் தேதி, இடம், குழாய்த் தூண் எண் எழுதி வாருங்கள் என்றார்.

அடுத்த வேலை காகிதம் சேர்ப்பது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இரண்டு ஆவணங்கள் கேட்டோம். ஒன்று, நிலையத்தின் இயக்க இசைவாணை, அதாவது நிலையத்தை ஓட்ட வாரியம் நிபந்தனைகளோடு தரும் அனுமதி. இன்னொன்று, ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் 30-க்குள் நிறுவனம் தாக்கல் செய்ய வேண்டிய சுற்றுச்சூழல் அறிக்கை. எதிர்ப்புப் போராட்டங்களில் யாரும் இந்தக் காகிதங்களைக் கையில் எடுப்பதில்லை. ஆனால் 1974-ஆம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டத்தையும் 1981-ஆம் ஆண்டுக் காற்றுச் சட்டத்தையும் மாநிலத்தில் நடைமுறைப்படுத்துவது மாநில வாரியம். அந்த வாரியத்தின் அமைச்சர் பேரவையில் பதில் சொல்லியாக வேண்டும். மத்திய அனுமதி பற்றி எம்.எல்.ஏ. கேட்டால் ‘எங்கள் அதிகாரத்தில் இல்லை’ என்று சொல்லிவிடலாம், இசைவாணை நிபந்தனை பற்றிக் கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது. எங்களுக்கு வந்த இசைவாணையில் ஒரு நிபந்தனை இருந்தது: குழாயில் கசிவு ஏற்பட்டால் உடனே சரிசெய்து பதிவேட்டில் குறிக்க வேண்டும். அந்தப் பதிவேட்டின் நகல் கேட்டோம். அப்படி ஒன்று பராமரிக்கப்படவில்லை என்று எழுத்திலேயே பதில் வந்தது.

மத்திய அரசின் அறிவிக்கையையும் அம்மா ஒதுக்கவில்லை. 1999-இலேயே முதல் அறிவிக்கை வந்துவிட்டது. 2021 டிசம்பர் 31-இல் வந்தது இன்னும் கறாரானது: மூன்றாண்டுச் சுழற்சியின் சராசரியில் சாம்பலை 100 சதவீதம் பயன்படுத்த வேண்டும், பயன்படுத்தாமல் விட்டால் டன்னுக்கு 1,000 ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு. சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் சாலைக்கும் உலர் சாம்பலாகப் போனால், குழாயில் கரைத்து அனுப்புவதே குறைந்துவிடும். எனவே குழாயைச் சரிசெய்யச் சொல்வதும் சாம்பலை உலர்வாக எடுக்கச் சொல்வதும் ஒரே கோரிக்கையின் இரண்டு பக்கங்கள்.

ஆனால் சட்டமன்றத்தில் அவை இரண்டு துறைகள். ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குப் பேரவையிடம் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைகளில் எரிசக்தித் துறை 14-ஆம் எண், சுற்றுச்சூழல் 15-ஆம் எண். வெவ்வேறு அமைச்சர்கள், துறையின் பணிகளை விவரிக்கும் வெவ்வேறு கொள்கை விளக்கக் குறிப்புகள். மின்சாரத்தைப் பற்றிப் பேசும்போது சாம்பல் ஒரு பத்தி, சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசும்போது மின் நிலையம் ஒரு பத்தி. எங்கள் கழிமுகம் இரண்டுக்கும் நடுவில் விழுந்து கிடந்தது. எம்.எல்.ஏ.வின் வேலையில் நான் மிகவும் மதிக்கிற பகுதி இதுதான்: இரண்டு குறிப்புகளையும் வரி வரியாகப் படித்து, ஒன்றில் உள்ள சாம்பல் அளவை மற்றதன் கண்காணிப்பு விவரத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு தொகுதி உறுப்பினருக்கு ஆராய்ச்சிக் குழுவெல்லாம் கிடையாது. அவருடைய உதவியாளரும், எங்கள் ஊர்ப் பட்டதாரிப் பெண்கள் இரண்டு பேரும், நானும்தான் அந்த மேஜையைச் சுற்றி இருந்தோம்.

வினா எழுதுவதும் ஒரு கலை. பேரவை வினாக்கள் பெரும்பாலும் ‘அரசு ஆவன செய்யுமா?’ என்று முடியும். அப்படி முடித்தால் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வரும், விஷயம் அங்கேயே நின்றுவிடும் என்றார் அம்மா. அதனால் எங்கள் வினா இப்படி அமைந்தது: இசைவாணைப்படி கசிவுப் பதிவேடு பராமரிக்கப்படுகிறதா? இல்லையெனில் வாரியம் எடுத்த நடவடிக்கை என்ன, எந்தத் தேதியில்? குழாய்த் தடத்தில் மாற்ற வேண்டிய நீளம் எவ்வளவு? ஆம், இல்லை, எண், தேதி. இவற்றைத் தவிர வேறு பதில் சொல்ல இடமே வைக்கவில்லை.

அந்த வினா வினாநேரத்தில் எடுக்கப்படவில்லை. 234 உறுப்பினர்கள் இருக்கிற அவையில் இது சகஜம், இதற்காக மனம் தளர வேண்டியதில்லை. மானியக் கோரிக்கை விவாதத்தில் தனக்குக் கிடைத்த சில நிமிடங்களில் அதையே கேட்டார். குழாய்த் தடம் முழுவதும் ஆய்வு செய்யப்பட்டு, பழுதான பகுதிகள் மாற்றப்படும் என்று அமைச்சர் பதில் சொன்னார். ஊரில் வெடி வெடித்தார்கள். அம்மா அன்றே அவை நடவடிக்கைக் குறிப்பின் நகலுக்கு ஏற்பாடு செய்தார். காரணம், அமைச்சர் அவையில் ‘செய்யப்படும்’ என்று சொன்னால் அது உறுதிமொழி. அது நிறைவேறியதா என்று பார்க்கவே பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு என்று தனிக் குழு இருக்கிறது. இந்தக் குழுவைப் பற்றி அதற்கு முன் எனக்குத் தெரியாது. பேச்சைவிட இந்தக் குழுவின் பட்டியலில் ஏறுவது முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன்.

அப்புறம் மனுக்கள் குழு, பொதுமக்கள் மனுக்களை விசாரிக்கும் பேரவைக் குழு. இது மாவட்டத்துக்கு வருவதற்கு முன்னால் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து செய்திக்குறிப்பு வரும். பொதுமக்கள் நேரடியாக மனு அனுப்பலாம், ஐந்து நகல் வேண்டும். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும், ஒரே பிரச்சினை, ஒரே துறை. வேலை, பட்டா, முதியோர் ஓய்வூதியம், கடன் கேட்டு அனுப்பக் கூடாது. நீதிமன்றத்தில் வழக்காக இருக்கிற விஷயமும் கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனைதான் ஊரை இரண்டாகப் பிரித்தது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும் என்று இளைஞர்கள் சொன்னார்கள். சென்னையிலேயே தென்மண்டல அமர்வு இருக்கிறது. அந்தத் தீர்ப்பாயத்துக்கான 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் வழக்குப் போட ஆறு மாதக் கெடு உண்டு, காத்திருந்தால் கெடு போய்விடும் என்பது அவர்கள் பயம். வழக்குப் போட்டால் மனுக்கள் குழு எங்கள் மனுவைத் தொடாது என்பது பெரியவர்கள் கவலை. கோயில் மண்டபத்தில் இரவு வெகுநேரம் பேசினோம். இழப்பீட்டுக்கும் சூழலை மீட்பதற்கும் 15-ஆம் பிரிவில் ஐந்தாண்டுக் கெடு இருக்கிறது என்று வழக்கறிஞர் ஒருவர் சொன்ன பிறகுதான் வழி பிறந்தது. கசிவை நிறுத்தக் கோரி முதலில் மனு, படிவை அகற்றுவதற்கான வழக்குக்கு ஆவணங்களைத் தயாராக வைத்திருப்பது. இளைஞர்கள் ஒத்துக்கொண்டார்கள், ஆனால் அரை மனதோடு. அவர்கள் அவசரப்பட்டதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். தண்ணீரில் இறங்குகிறவர்கள் அவர்கள்.

குழு வந்த அன்று தலைவர் ஆய்வுக் கூட்டத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை, குழாய்த் தடம் வரை நடந்தார். அதிகாரி ஒருவர் கசிவு எப்போதோ சரிசெய்யப்பட்டுவிட்டது என்றார். எங்கள் கையில் தூண் எண், தேதியோடு பட்டியல் இருந்தது. அந்த எண்ணிட்ட தூணருகே போய் நின்றார்கள். இணைப்பில் கட்டியிருந்த ரப்பர் பட்டைக்கு அடியிலிருந்து சாம்பல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் சத்தம் போடவில்லை. எழுத்துப்பூர்வ அறிக்கை கேட்டுக் குறித்துக்கொண்டு கிளம்பினார்கள்.

குழாயின் மோசமான பகுதிகளை இப்போது மாற்றியிருக்கிறார்கள். கசிவுப் பதிவேடு திறக்கப்பட்டிருக்கிறது, தகவல் உரிமைச் சட்டத்தில் அவ்வப்போது நகல் வாங்கிப் பார்க்கிறோம். சாம்பல் குளத்தில் தண்ணீர் தெளிப்பான்கள் பாதிதான் ஓடுகின்றன, கோடைக்காற்றில் புழுதி வரத்தான் செய்கிறது. கழிமுகத்தில் படிந்த சாம்பலை யார் அள்ளுவது என்பதற்கு இன்னும் விடை இல்லை. ஆறும் கழிமுகமும் நீர்வளத் துறை, படிந்தது மின் நிலையச் சாம்பல், பாதிக்கப்பட்டது மீன்பிடிப்பு. அந்த மூன்று துறைகளுக்கும் தனித்தனியாக மூன்று வினாக்கள் எழுதி அம்மாவிடம் கொடுத்திருக்கிறோம். படிவின் ஆழத்தை இறால் தடவும் பெண்களே மூங்கில் கழியால் அளந்து, இடம் வாரியாகக் குறித்துத் தந்திருக்கிறார்கள். அந்தப் பட்டியல் வினாவோடு இணைப்பாகப் போகிறது. வழக்கின் கெடுத் தேதியையும் அலுவலக நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறோம்.