தொட்டி போதாது, ஊருணி வேண்டும்: எங்கள் ஊர் அனுபவம்

காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பேரூராட்சிக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில்தான் தண்ணீர் வருகிறது. வழியில் எங்காவது குழாய் உடைந்தால் ஊரே குடத்தோடு தெருவில் நிற்கும். மேல்நிலைத் தொட்டியில் இருப்பது ஒரு நாளைக்குக்கூடக் காணாது. கூட்டத்தில் பேசியபோது பலரும் இன்னொரு தொட்டி கட்டச் சொன்னார்கள். தொட்டி, வந்த தண்ணீரை வீடுகளுக்குப் பிரித்துவிடத்தான். மழைநீரை மாதக்கணக்கில் பிடித்து வைத்து, தேவைப்படும்போது சுத்திகரித்துக்கொள்ள ஒரு பெரிய இடம் வேண்டும். அந்த இடம், அந்தக் காலத்தில் குடிதண்ணீர் எடுத்த குளமான ஊருணி, ஊர் நடுவிலேயே கருவேலம் மண்டிக் கிடந்தது.

முதலில் கணக்குப் போட்டோம். ஊரில் சுமார் 8,000 பேர். பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு ஆளுக்கு 70 லிட்டர் என்ற அளவுப்படி நாளைக்கு 5,60,000 லிட்டர். அவ்வளவையும் ஊருணி தாங்காது. குடிக்க, சமைக்க மட்டும் ஆளுக்கு 20 லிட்டர் என்றால் 1,60,000 லிட்டர். ஊருணி ஏறக்குறைய 2 ஏக்கர். 3 மீட்டர் ஆழம் நிறைந்தால், கரைச் சரிவு போக, 2 கோடி லிட்டர் நிற்கும். கோடை வெயில் நாளைக்கு 5, 6 மில்லிமீட்டர் குடித்துவிடும். அதைக் கழித்தும் மூன்று மாதம் ஓட்டலாம். இந்தத் தாளைக் காட்டிய பிறகுதான் அலுவலகத்தில் உட்காரச் சொல்லிப் பேசினார்கள்.

அடுத்து ஆவணம். நில விவரம் இருக்கும் அ-பதிவேட்டையும் எல்லை காட்டும் புலப்படத்தையும் தமிழக அரசின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். ஊருணி என்றே பதிவாகியிருந்தது, நல்லவேளை. ஊருணிக்கு மழைநீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்காலில்தான் சிக்கல். படத்தில் நேராக ஓடும் கால், தரையில் இரண்டு இடத்தில் சுவருக்கு அடியில் காணாமல் போயிருந்தது. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி மனுக் கொடுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். அது பொதுப்பணித்துறைக் (இப்போது நீர்வளத்துறை) கட்டுப்பாட்டில் உள்ள ஏரிகளுக்கானது. பேரூராட்சி ஊருணிக்கு 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம்தான் வழி: 7ஆம் பிரிவில் ஆக்கிரமித்தவருக்கு நோட்டீஸ், பிறகு 6ஆம் பிரிவில் அகற்ற உத்தரவு. மனுவில் இதைச் சரியாக எழுதாவிட்டால் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டே இருக்கும். சர்வேயர் வந்து கல் ஊன்றிய பிறகு ஒரு வீட்டுக்காரர் தானே சுவரை இடித்துக் கொடுத்தார். அவருக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது. இன்னொன்று இழுத்தடித்து, கடைசியில் உத்தரவோடுதான் முடிந்தது.

தூர்வாரும்போதுதான் எனக்குப் பயம் அதிகம். செட்டிநாட்டில் மேலே செம்மண், கீழே செம்பூரான் கல். இரண்டும் தண்ணீரை உறிஞ்சும். ஊருணியில் தண்ணீர் நிற்பது அடியில் இருக்கும் களிமண் படுகையால். வண்டி ஓட்டியவர்கள் இன்னும் ஆழமாகத் தோண்டினால் கூடுதல் தண்ணீர் நிற்கும் என்றார்கள். அந்தக் களியைத் தாண்டிச் சரளை தட்டினால் அவ்வளவும் பூமிக்குள் இறங்கிவிடும். அதனால் வண்டல் முடிந்து களி தெரிந்த இடத்தில் எல்லாம் ஆள் நின்று நிறுத்தச் சொன்னோம். வண்டலை வயலுக்கு எடுத்துக்கொள்ள விவசாயிகளுக்குத் தாசில்தார் அனுமதி வாங்கிக் கொடுத்ததில் மண் அள்ளும் செலவு பெரிதும் குறைந்தது.

இவ்வளவுக்கும் மேலே ஒரு பெரிய வேலை, சாக்கடை. அந்தக் காலத்தில் செட்டிநாட்டு வீடுகளின் வளவு முற்றத்திலும் ஓட்டிலும் விழுந்த மழை தெருக்கால் வழியாக ஊருணிக்குத்தான் வரும். இன்று அதே காலில் குளியலறைத் தண்ணீரும் ஓடுகிறது. தெருவில் ஒரு ஆச்சியிடம் இதைச் சொன்னபோது, “நாங்க சின்னப்புள்ளையில கால் நனைக்கவே விடமாட்டாக தம்பி, குடத்தை மட்டுந்தான் இறக்கணும். அதுல சாக்கடையா?” என்று கண் கலங்கினார். தெருக்காலை ஊருணிப் பக்கம் விடாமல் வேறு வழியில் திருப்பினோம். ஊருக்கு வெளியே பொட்டலில் விழும் மழை வரும் காலை மட்டும் வைத்துக்கொண்டோம். வரத்து குறைந்தது உண்மை. குடிக்கிற தண்ணீரில் இந்த விட்டுக்கொடுப்பு தேவை என்பதே என் முடிவு. வாய்க்கால் வந்து விழும் இடத்தில் மண் தங்க ஒரு குழியும், முதல் மழை அழுக்கை வெளியே தள்ள ஒரு பலகை மடையும் வைத்தோம்.

இந்த ஐப்பசியில் படிக்கட்டு பாதிவரை நிறைந்தது. நீர் மாதிரி பரிசோதனைக்குப் போயிருக்கிறது. மணல் வடிகட்டிக்கும் குளோரின் கலக்கும் அறைக்கும் மதிப்பீடு தயாராகிறது. நமக்கு நாமே திட்டத்தில் ஊர்ப் பங்கைக் கட்டப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். மழை தொடங்கும்போது மடைப் பலகையை எடுத்துப் போட ஒரு ஆளைப் பேரூராட்சி சம்பளத்தில் வைக்கக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம். அது அடுத்த மன்றக் கூட்டத்தில் வருகிறது.