மச்சான் கொண்டு வந்த சென்ட்

போன மாதம் துபாயிலிருந்து வந்த மச்சான் எனக்கு ஒரு சென்ட் தந்தார். ரோஜாவும் அம்பரும். முதல் நாள் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, இப்போது அதை அடிக்காமல் வெளியே கிளம்ப மனசு வரவில்லை.

தக்கலைக்காரனுக்கு ரோஜா என்றால் பன்னீர்தான். கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்பிலிருந்து தெளிப்பார்கள், முகத்தில் ஜில்லென்று விழும், பந்தியில் உட்காரும் முன்னாலேயே மணம் போய்விடும். இது அந்த ஜாதியே இல்லை. அடித்தவுடன் ரோஜா முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது, அடுப்பில் கொதிக்கும் ஜாம் போல அடர்த்தியாக, ஓரத்தில் கிராம்புக் காரத்தோடு. அந்தக் காரம் வெளியிலிருந்து சேர்த்ததாகவே இருக்க வேண்டும் என்றில்லை. கிராம்புக்கு மணம் தரும் யூஜெனால் ரோஜா எண்ணெயிலேயே கொஞ்சம் உண்டு. எங்கள் மலையோரத்தில் கிராம்பு காயப்போட்டிருக்கும் முற்றத்தைக் கடந்து போனவர்களுக்கு அந்தக் காரம் உடனே பிடிபடும்.

ஒரு மணி நேரம் கழித்துத்தான் அம்பர் வருகிறது. அத்தர் கடையில் அம்பர் என்று கேட்டால் பெரும்பாலும் பிசினும் வனிலாவும் கலந்த ஒரு இனிப்பைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், நான் சொல்வது அதை அல்ல, மீனம்பரை. கணவாயைத் தின்னும் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் குடலில், செரிக்காத கணவாய் அலகுகளைச் சுற்றி மெழுகு மாதிரி திரள்வது அது. பேப்பரில் திமிங்கில உமிழ்நீர் என்று எழுதுகிறார்கள், வாய்க்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. புதிதாக இருக்கும்போது கறுத்து நாறும், வருஷக்கணக்கில் கடலில் மிதந்து வெயிலும் உப்பும் பட்டுச் சாம்பல் நிறமாக வெளுத்த பிறகுதான் மணம் கனியும். 2022 ஜூலையில் விழிஞ்ஞம் மீனவர்களுக்கு 28 கிலோவுக்கு மேல் கிடைத்தது, அப்படியே கரைக்குக் கொண்டுவந்து கடலோரப் போலீசிடம் ஒப்படைத்துவிட்டார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் அதை விற்கக் கூடாது. இன்றைய சென்ட்களில் பெரும்பாலும் அதற்குப் பதிலாக இருப்பது அம்ப்ராக்ஸான், கிளாரி சேஜ் என்ற செடியிலிருந்து எடுக்கும் பொருளை மாற்றிச் செய்வது. என் குப்பியிலும் அதுவாகத்தான் இருக்கும். அதனால் எனக்கு ஒரு குறையும் இல்லை, திமிங்கிலத்தைத் தொடாமல் கிடைக்கிற மணம் என்றால் இன்னும் சந்தோஷம்.

அது எப்படி மணக்கிறது என்று சொல்வதுதான் கஷ்டம். குளச்சலில் மத்தியானம், மணலில் ஏற்றிப் போட்ட கட்டுமரம் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தால் உப்பும் மரமும் சேர்ந்து ஒரு இளஞ்சூடான மணம் வருமே, கிட்டத்தட்ட அதுதான். ரோஜாவை அது அமுக்குவதில்லை, ரோஜாவில் இருக்கும் அந்த ஜாம் இனிப்பை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உலர்த்தி எடுத்துவிடுகிறது. அப்புறம் மிஞ்சும் ரோஜா தோலோடு ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. பூ மட்டும் இருந்தால் தோவாளைச் சந்தையில் காலையில் வாங்கிய மாலை மாதிரி சாயங்காலத்துக்குள் வாடியிருக்கும், அம்பர்தான் அதைப் பிடித்து வைக்கிறது.

காலை இரணியலில் ரயில் ஏறி திருவனந்தபுரம் போகிறவன் நான். எங்கள் பக்கத்துப் புழுக்கத்தில் இரண்டு தடவை அடித்தாலே பெட்டி முழுக்கத் தெரியும். அதனால் ஒரே ஒரு தடவை, சட்டைக்குள்ளே நெஞ்சில், வீட்டை விட்டு இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்னால். மெல்லிய ரோஜா வேண்டும் என்பவர்கள் இதை வாங்க வேண்டாம். இது பத்து பேர் இருக்கும் அறையில் வாய்விட்டுப் பேசுகிற ரோஜா, எனக்கு அதனால்தான் பிடிக்கிறது.

நேற்று உம்மா என் சட்டையை ஊறவைக்க எடுத்தவள், காலரை மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஆணியிலேயே மாட்டினாள். "நாளைக்கு நனைக்கலாம் மக்களே, இன்னும் மணம் கிடக்கு."