தோரியம் சிதையவில்லை, கடிதமும் கிடைக்கவில்லை: திருகோணமலையிலிருந்து ஒரு ஜியண்ட்4 கூட்டு ஆய்வு

ஜியண்ட்4 (Geant4) என்பது துகள்கள் பொருளுக்குள் எப்படிப் போகின்றன என்று கணினியில் உருவகப்படுத்திக் கணக்கிடும் திறந்த மூல மென்பொருள். அதன்மேல் எழுதிய எங்கள் நிரல் திருத்தம் போன கிழமை பொதுக் களஞ்சியத்தில் சேர்ந்துவிட்டது. ஆசிரியர் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. பெரிய நிம்மதி. ஆனால் அதற்கு முன்னால் ஒரே ஒரு பக்கக் கடிதத்துக்காக அலைந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. இங்கிருந்து வெளிநாட்டுக் குழுவோடு சேர்ந்து திறந்த மூல மென்பொருளில் வேலை செய்ய நினைக்கிற மாணவர்களும் தற்காலிக விரிவுரையாளர்களும் அதே அலைச்சலைப் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கரையில் உள்ள கனிய மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கோனோடு கொஞ்சம் மொனசைட்டும் இருக்கிறது. மொனசைட்டில் தோரியம் உண்டு. மணலை ஒரு போத்தலில் அடைத்து சோடியம் அயடைட்டு உணரிக்கு முன்னால் வைத்தால் காமாக் கதிர்களை எண்ணிவிடலாம். ஆனால் அந்த எண்ணிக்கையிலிருந்து மணலில் எவ்வளவு தோரியம் என்று சொல்ல வேண்டுமென்றால் உணரியின் திறன், அதாவது வெளிவருகிற கதிர்களில் எத்தனை பங்கை அது எண்ணுகிறது என்பது, தெரிய வேண்டும். இந்த மணல் பாரமானது. தன்னிடமிருந்து வருகிற காமாக் கதிரில் ஒரு பங்கைத் தானே உறிஞ்சிவிடும். அதனால் சாதாரண மண்ணுக்கு எடுத்த திறன் இதற்குச் சரிவராது. விதவிதமான அளவுத்திருத்த மூலங்கள் வாங்க வசதியில்லாத இடத்தில் ஜியண்ட்4 வைத்துத் துகள்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து கணக்கிடுவதுதான் வழி.

ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகக் குழு இதற்கென்றே ஜியண்ட்4க்கு மேல் ஒரு சின்னத் திறந்த மூல நிரலை எழுதி வைத்திருந்தது. கடற்கரை மணலுக்கு அதை விரிவாக்க ஆள் தேடினார்கள். மின்னஞ்சல் போட்டேன், வீடியோவில் பேசினோம், சேர்த்துக்கொண்டார்கள்.

அவர்கள் கேட்டது ஒரு பக்கக் கடிதம் மட்டுமே. நான் இந்த நிறுவனத்தில் வேலை செய்கிறேன், இந்த ஆய்வில் பங்கெடுக்க நிறுவனத்துக்கு ஆட்சேபம் இல்லை, நிரலும் முடிவுகளும் திறந்த உரிமத்தில் வெளிவரும் என்று மூன்று வரி எழுதிக் கையெழுத்து, முத்திரை வைத்தால் போதும். காசு கைமாறப் போவதில்லை. கருவி வரப்போவதில்லை. மணல்கூட நாட்டை விட்டுப் போகப் போவதில்லை. அந்த விஷயத்தில் மட்டும் நான் முதலிலேயே தெளிவாக இருந்தேன். கதிரியக்கம் உள்ள கனிய மணலைக் கூரியரில் போடுவதென்றால் அனுமதிப் பத்திரங்களுக்கே ஆயுள் போய்விடும். இரசாயனக் கூறு, அடர்த்தி, போத்தலின் அளவு, இவற்றை எண்களாக அனுப்பினால் உருவகப்படுத்தலுக்குப் போதும்.

கடிதத்துக்காகக் கந்தோருக்குப் போனால் வெளிநாட்டுக் கூட்டுத்திட்டங்களுக்கான படிவத்தைத் தந்தார்கள். மானியத் தொகை ரூபாயில் எவ்வளவு, இறக்குமதியாகும் கருவிகளின் பட்டியல், சுங்க வரி விலக்கு வேண்டுமா, புரிந்துணர்வு உடன்படிக்கை இலக்கம் என்ன என்று கேள்விகள். எல்லாவற்றுக்கும் இல்லை என்று நிரப்பிக் கொடுத்தேன். படிவம் திரும்பி வந்தது.

“மிஸ், தொகை போடாமல் இதை மேலே அனுப்ப ஏலாது.”

“தொகையே இல்லை ஐயா. மென்பொருள் இலவசம். எல்லாரும் சேர்ந்து எழுதுகிறது.”

“சும்மா குடுக்கிற சாமானுக்கு எதுக்கு மிஸ் ஒப்பந்தம்? ஒப்பந்தம் இல்லையெண்டால் எதுக்குக் கடிதம்?”

இதற்கு என்ன பதில் சொல்வது? உரிமம் பெற்றதற்கு ஆதாரம் கொண்டுவரச் சொன்னார். ஜியண்ட்4 உரிமத்தை முழுவதும் அச்செடுத்துக் கொடுத்தேன். யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. கீழே உரிமம் தந்தவரின் கையெழுத்து எங்கே என்று கேட்டார். 1994இல் ஜெனீவாவில் உள்ள சேர்ன் (CERN) துகள் இயற்பியல் ஆய்வுகூடத்தில் ஆர்டி44 என்ற திட்டமாகத் தொடங்கி, 1998 டிசம்பரில் முதல் பதிப்பு வந்து, பல நாட்டு ஆட்கள் சேர்ந்து வளர்த்த ஒன்றுக்கு யாரிடம் போய்க் கையெழுத்து வாங்குவது! அப்புறம், நான் தற்காலிக நியமனத்தில் இருப்பதால் படிவத்தில் கையெழுத்துப் போடவே தகுதி இல்லை என்று இன்னொருவர் சொன்னார். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

இதற்கு மேலே கொழும்பில் ஒரு அலுவலகத்தில் அனுமதி எடுத்து வந்தால் பிரச்சினை தீரும் என்றார்கள். இரவு பஸ்ஸில் ஹபரண, தம்புள்ளை வழியாகப் போய்ச் சேர்ந்து, காலையில் முகம் கழுவிக்கொண்டு வரிசையில் நின்றேன். மதியம் ஆனபோதுதான் உள்ளே கூப்பிட்டார்கள். பணமோ பொருளோ சம்பந்தப்படாத விஷயம் தங்களிடம் வராது, உங்கள் நிறுவனமே தரலாம் என்றார்கள். சரி, அதை எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். எழுதித் தர மாட்டோம் என்றார்கள். வெறுங்கையோடு திரும்பிய அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான். யாராவது உங்களைக் கொழும்புக்குப் போகச் சொன்னால், எந்தச் சுற்றறிக்கையின் கீழ் என்று இலக்கத்தைக் கேளுங்கள். இலக்கம் சொல்லாவிட்டால் பஸ் ஏறாதீர்கள்.

வழி காட்டியது ஓய்வுபெற்ற ஒரு நிர்வாக உத்தியோகத்தர். என் அம்மாவின் சிநேகிதி. கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, “அந்தப் படிவத்தை விடு பிள்ளை. அது காசு வாற திட்டத்துக்கு. நீ சேவை உறுதிக் கடிதம் கேள். அதைத் துறைத்தலைவரே குடுக்கலாம்” என்றார். அப்படியே செய்தேன். வழக்கமான சேவை உறுதிக் கடிதம், அதன் கடைசிப் பந்தியில் ஆய்வில் பங்கெடுப்பதற்கு ஆட்சேபம் இல்லை என்ற வரி. துறைத்தலைவர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். அங்குள்ள குழுவுக்கு ஸ்கேன் பண்ணிய பிரதியே போதுமாக இருந்தது. வெளிநாட்டுக் குழுவிடம் முதல் மின்னஞ்சலிலேயே கடிதத்தில் என்ன வரிகள் வேண்டும் என்று கேட்டு வாங்கிவிடுங்கள். அந்த வரிகளை வைத்துத்தான் எந்தப் படிவம், யார் கையெழுத்து என்று முடிவாகும்.

கடிதத்துக்கு அலைந்த காலத்தில் மென்பொருள் வேலை நிற்கவில்லை. ஜியண்ட்4ஐ நிறுவுவது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒன்றே ஒன்று: நிறுவும்போதே தரவுத் தொகுதிகளைத் தானாக இறக்கும் தெரிவை எங்கள் ஊர் இணைப்பில் நம்ப வேண்டாம். கோப்புகள் பெரியவை. இடையில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்கும். அறுந்த இடத்திலிருந்து தொடரக்கூடிய கருவியால் தனித்தனியாக இறக்கி, கோப்புறையின் பாதையைக் காட்டிவிடுங்கள்.

மின்வெட்டுக்கும் ஒரு வழி சொல்கிறேன். இரவு முழுக்க ஓடுகிற ஒரு பெரிய ஓட்டத்தை வைக்காதீர்கள். சின்னச் சின்ன ஓட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு தொடக்க எண் (தற்செயல் எண்களின் வரிசையைத் தொடக்கிவைக்கிற எண்) கொடுத்து, முடிவுகளைக் கடைசியில் கூட்டுங்கள். தொடக்க எண் ஒன்றாகவே இருந்தால் அதே நிகழ்வுகள் திரும்பத் திரும்ப வரும், புள்ளிவிவரம் கூடின மாதிரி ஒரு பொய்த் தோற்றம் கிடைக்கும். கரண்ட் போனாலும் ஒரு துண்டுதான் போகும்.

இப்போது தோரியத்துக்கு வருவோம். கடிதம் என் பொறுமையைச் சோதித்தது. இது என் மானத்தையே சோதித்தது.

அங்குள்ள ஆய்வு மாணவர் ஜியண்ட்4இன் 2020 டிசம்பரில் வந்த 10.7 பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தார். நான் புதிதாக நிறுவியதால் 2023 டிசம்பரில் வந்த 11.2 பதிப்பில் இருந்தேன். ஒரே நிரல், ஒரே மணல், ஒரே உணரி. தோரியம்-232இலிருந்து தொடங்கினால் அது சங்கிலி போல ஒன்றன்பின் ஒன்றாக வேறு கருக்களாகச் சிதைந்து, கடைசியில் தாலியம்-208 வந்து 2614.5 கிலோ இலத்திரன் வோல்ட்டில் அழகான உச்சி ஒன்று தெரிய வேண்டும். அவருடைய நிறமாலையில், அதாவது எந்த ஆற்றலில் எத்தனை கதிர் என்று காட்டுகிற வரைபடத்தில், அது இருந்தது. என்னுடையதில் எதுவுமே இல்லை. வெறும் வரைபடம். பொட்டாசியம்-40 போட்டுப் பார்த்தேன், 1461இல் வர வேண்டிய உச்சியும் இல்லை.

கூட்டத்தில் திரையைப் பகிர்ந்து காட்டியபோது, உன் நிறுவலில் ஏதோ பிழை, தரவுக் கோப்பு பழுதாகியிருக்கும் என்றார்கள். மெதுவான இணைப்பு என்று நானே சொல்லியிருந்ததால் எல்லாருக்கும் அது நம்பக்கூடிய காரணமாக இருந்தது. தரவை அழித்து மறுபடி இறக்கினேன். கோப்புகளின் சரிபார்ப்பு எண்களை ஒப்பிட்டேன், எல்லாம் சரி. எந்தப் பௌதிக நிகழ்வுகளைக் கணக்கிட வேண்டும் என்று சொல்கிற பௌதிகப் பட்டியலில் கதிரியக்கச் சிதைவு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தேன், இருக்கிறது. தாலியம்-208ஐ நேரடியாகப் போட்டால் உச்சி வந்தது! அதாவது நிறுவலில் பழுது இல்லை. குறுகிய காலத்தில் சிதைகிற கரு சிதைகிறது, நீண்ட காலம் எடுக்கிற கரு மட்டும் அசையாமல் நிற்கிறது.

விடை 11.2 பதிப்பின் வெளியீட்டுக் குறிப்புகளில் இருந்தது. அந்தப் பதிப்பிலிருந்து, ஓர் ஆண்டுக்குப் பிறகு நடக்கிற கதிரியக்கச் சிதைவுகளை மென்பொருள் இயல்பாகவே கணக்கில் எடுக்காது. தோரியம்-232இன் அரைவாழ்வுக்காலம் சுமார் 1400 கோடி ஆண்டுகள். பொட்டாசியம்-40க்கு 125 கோடி. எங்கே சிதையப் போகிறது? ஆய்வுகூடங்களில் வழக்கமாக வைத்திருக்கிற சீசியம்-137க்குக்கூட 30 ஆண்டு, அதையும் இந்த வரம்பு பிடித்துவிடும். 25 நானோசெக்கனுக்கு ஒருமுறை மோதல் நடக்கிற முடுக்கி உணரிகளுக்கு இது நியாயமான மாற்றம். அங்கே நூறு ஆண்டுக்குப் பிறகு வருகிற சிதைவு குப்பைதான். ஆனால் மண்ணையும் மணலையும் அளக்கிற எங்களுக்கு அந்த நீண்ட சிதைவுதான் முழு விஷயமும்.

தீர்வு ஒரே வரி. கதிரியக்கச் சிதைவுக் கட்டளைகளில், மிக நீண்ட சிதைவு நேரத்துக்கான வரம்பு என்று ஒன்று இருக்கிறது. அதைப் பிரபஞ்சத்தின் வயதை விடப் பல மடங்கு பெரிய ஓர் எண்ணுக்கு ஏற்றிவிட்டால் சங்கிலி முழுவதும் ஓடும். ஏற்றினேன், 2614.5இல் உச்சி வந்து நின்றது. அந்த இரவு வீட்டில் எல்லாரையும் எழுப்பிக் காட்டினேன்.

இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. அத்தனை கோடி ஆண்டுகள் கடந்த கடிகாரத்தில் ஒரு நானோசெக்கனைப் பிரித்தறிய முடியாது. கணினி வைத்திருக்கிற 16 இலக்கங்கள் அதற்குப் போதாது. இரண்டு காமாக் கதிர்கள் ஒன்றாக வந்தனவா என்று நேரத்தை வைத்துப் பார்க்கிற வேலை இருந்தால் தோரியத்திலிருந்து தொடங்காதீர்கள். அக்டினியம்-228, ஈயம்-212, பிஸ்மத்-212, தாலியம்-208 என்று காமா தருகிற கருக்களைத் தனித்தனியாக ஓட்டி, சமநிலை விகிதத்தில் கூட்டுங்கள். பிஸ்மத்-212இல் கிட்டத்தட்ட 36 சதவீதம்தான் தாலியத்துக்குப் போகும், தாலியத்தின் பங்கை அந்த 0.36ஆல் பெருக்க மறக்க வேண்டாம். கடைசியில் எங்கள் நிரலிலும் இந்த வழியைத்தான் வைத்தோம்.

திருத்தத்தை அனுப்பியதும் தானியங்கிச் சோதனை தோல்வியடைந்தது. பழைய பதிப்பில் எடுத்த வரைபடத்தோடு எண்ணுக்கு எண் ஒப்பிடுகிற சோதனை அது. பதிப்பு மாறினால் தற்செயல் எண்களின் வரிசை போகிற பாதையே மாறிவிடும், ஒரே தொடக்க எண் கொடுத்தாலும் வரைபடம் அச்சாக ஒத்துவராது. இதை விளக்கி, கை-வர்க்கம் (chi-square) என்ற புள்ளிவிவரச் சோதனையால் ஒப்பிட வேண்டும் என்று எழுதினேன். முதலில் தயங்கினார்கள், பிறகு ஏற்றுக்கொண்டு சோதனையையே மாற்றினார்கள். என் நிறுவலைச் சந்தேகித்த அந்த ஆய்வு மாணவரே, இரண்டு பதிப்புகளிலும் ஓட்டி முடிவு ஒத்துப்போகிறது என்று உறுதி செய்தார். வரம்பு பற்றிய எச்சரிக்கையும் பயனர் வழிகாட்டியின் முதல் பக்கத்தில் ஏறிவிட்டது.

கூட்ட நேரம் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெனீவா நேரத்தில் இயங்குகிற ஐரோப்பியக் குழுக்களுக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம். ஒக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் நாலரை ஆகிவிடும். நம் பக்கம் எதுவும் மாறாது. அழைப்பை உலகப் பொது நேரத்தில் போடச் சொல்லுங்கள்.

கட்டுரை எழுதும்போது ஜியண்ட்4க்கான 2003, 2006, 2016 ஆண்டுக் கட்டுரைகள் மூன்றையும் மேற்கோள் காட்டச் சொல்வார்கள். அதோடு பதிப்பு எண்ணையும் இயல்பு நிலையிலிருந்து மாற்றிய ஒவ்வொரு வரம்பையும் எழுதி வையுங்கள். புதிய பதிப்பு வழக்கமாக டிசம்பரில் வரும். ஏற்றுவதற்கு முன் வெளியீட்டுக் குறிப்புகளில் இயல்பு மதிப்புகள் மாறியிருக்கும் பகுதியைப் படித்துவிட்டு, கூட இருக்கிற எல்லாரும் ஒரே பதிப்புக்கு வந்த பிறகே நிறமாலைகளை ஒப்பிடுங்கள். துறைத்தலைவர் கையெழுத்திட்ட அந்தக் கடிதத்தின் மாதிரி என்னிடம் இருக்கிறது. தேவையானவர்கள் கேளுங்கள், பெயர்களை எடுத்துவிட்டு அனுப்பிவைக்கிறேன்.