மகளின் எயார் ரைபிள் பத்தில் சுட ஐந்து மாதம்

மகளின் எயார் ரைபிள் சுங்கத்தைத் தாண்டி வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தது ஜனவரி கடைசியில். அது ஒழுங்காகப் பத்துக்குள், அதாவது இலக்கின் நடுப்பொட்டுக்குள், சுட்டது ஜூன் நடுப்பகுதியில். இடையில் போன ஐந்து மாதத்திலும் ரைபிளில் ஒரு பிழையும் இருக்கவில்லை. பிழையெல்லாம் அதைச் சுற்றியிருந்த சின்னச் சாமான்களிலும் நாங்கள் அவசரப்பட்டுச் செய்த வேலைகளிலும்தான். இதே வேலையில் இறங்கப்போகும் பெற்றோருக்கு அந்த நாட்களாவது மிஞ்சட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

வாங்கியது ஜெர்மன் தயாரிப்பு, பாவித்த ரைபிள். 10 மீற்றர் போட்டிக்கானது. 4.5 மில்லிமீற்றர் பெலட்டை, அதாவது சின்ன ஈயக் குண்டை, அடைத்த காற்றால் சுடும். அனுமதி, இறக்குமதி, சுங்கம் எல்லாம் மகள் பழகும் சுடுதல் கழகத்தின் ஊடாகப் போனது, ஒன்பது மாதம் எடுத்தது. அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ரைபிளின் தொடர் இலக்கம் எல்லாக் கடிதத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். எங்களுடைய ஒரு கடிதத்தில் பூச்சியம் வரவேண்டிய இடத்தில் ஆங்கில 'ஓ' விழுந்துவிட்டது. லிகிதர் கோப்பைத் திருப்பி அனுப்பினார், காரணம் எழுதவில்லை. இரண்டு முறை போனேன், "கடிதம் சரியில்லை" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் முறைதான் அந்த எழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார். ஆறு கிழமை அதிலேயே போனது. முதல் நாளே தொட்டுக் காட்டியிருக்கலாம். அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

ரைபிள் வந்த அன்று மகள் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடக்கூட எழும்பவில்லை. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கையின் தெஹானி எகொடவெல இதே 10 மீற்றர் எயார் ரைபிள் போட்டியில் நின்றதைத் தொலைபேசியில் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு இந்த ஆசை. அடுத்த நாளே சுடலாம் என்று நினைத்தோம்.

அடுத்த நாள் கோச் சேர் காற்றுச் சிலிண்டரைக் கழற்றி, அதில் பொறித்திருந்த திகதியை வாசித்தார். தயாரித்துப் பதினொரு வருடம். இந்த வகைச் சிலிண்டருக்குத் தயாரிப்பாளர் கொடுக்கும் ஆயுள் பத்து வருடம். 200 பார் அழுத்தம் அடைக்கிற சாமான், சுடும்போது பிள்ளையின் முகத்துக்குக் கிட்ட இருக்கிறது. "இதுக்குக் காற்று அடிக்க நான் விடமாட்டேன்" என்று சேர் சொல்லிவிட்டார். விற்றவர் ரைபிளின் படம் பதினைந்து அனுப்பியிருந்தார், அந்தத் திகதி ஒன்றிலும் இல்லை, நானும் கேட்கவில்லை. பாவித்த ரைபிள் வாங்குபவர்கள் விலை பேச முதல் சிலிண்டர் திகதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். புதுச் சிலிண்டர் வெறுமையாக, வால்வு திறந்தபடி வந்து சேர இன்னும் ஏழு கிழமை.

அப்புறம் காற்று. கழகத்துக் கொம்பிரசர் பழுது. சுழியோடிகளின் தொட்டியிலிருந்து அடிக்கலாம் என்றார்கள். ஒரு சனிக்கிழமை ஓட்டோ பிடித்து கல்கிசைப் பக்கம் ஒரு சுழியோடும் சாமான் கடைக்குப் போனோம். எங்களிடம் இருந்த அடப்டர் மரையில் திருகுவது, அவர்களிடம் இருந்த தொட்டி வால்வு கவ்வி வைத்துப் பூட்டுகிற வகை. பொருந்தவே இல்லை, திரும்பி வந்தோம். போக முதல் தொலைபேசியில் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். கடைக்கார நானா நல்ல மனிதர். "தங்கச்சி, அடுத்த கிழமை வாங்க, நான் மாத்துச் சாமான் எடுத்து வைக்கிறேன்" என்று மகளிடம் சொன்னார், சொன்னபடி எடுத்தும் வைத்திருந்தார். மெதுவாக அடிக்க வேண்டும் என்று காட்டித் தந்ததும் அவர்தான். வேகமாக அடித்தால் சிலிண்டர் சூடாகிவிடும், முள் 200இல் நிற்கும், ஆறினதும் கீழே இறங்கிவிடும். தொட்டியிலேயே 150 பார்தான் மிச்சம் என்றால் ரைபிளுக்கும் 150க்கு மேல் ஏறாது.

வேறொரு இடத்தில் ஒக்சிசன் சிலிண்டரிலிருந்து அடித்துத் தருகிறேன் என்றார்கள். தயவுசெய்து எவரும் இதைச் செய்யாதீர்கள். அழுத்தமான ஒக்சிசன் கிரீசிலோ எண்ணெயிலோ பட்டால் தீப்பிடித்து வெடிக்கும். சுத்தமான, ஈரமில்லாத சாதாரணக் காற்று மட்டும்தான்.

கல்கிசைக் கடைக்கு இரண்டாவது முறை போன பயணத்தில்தான் பொலிஸ் மறித்தது. நீளமான கறுப்புப் பெட்டி ஓட்டோவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. பெட்டிக்குள் என்ன என்று கேட்டார், சொன்னேன். அனுமதிக் கடிதத்தைக் கேட்டார், போட்டோகொப்பியைக் கொடுத்தேன். மூலப்பிரதி அலுமாரியில், பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. என் வயதில் உள்ள ஒரு தமிழனுக்குக் கொழும்பு வீதியில் துவக்குப் பெட்டியோடு நிற்பது என்றால் என்ன என்பதை நான் விளக்கத் தேவையில்லை. கை நடுங்கியது. மகளுக்கு அது விளங்கவில்லை, விளங்காமல் இருந்ததே எனக்கு ஆறுதல். அவர் மரியாதையாகத்தான் கதைத்தார். கழகத்துக்கு அழைத்துக் கேட்டு, முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு விட்டார். அன்றிலிருந்து மூலப்பிரதி, சிங்களத்தில் எழுதிய கழகக் கடிதம், இரண்டு பேரின் அடையாள அட்டை மூன்றும் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிய உறையில் இருக்கின்றன. பெட்டி நகர்ந்தால் அவையும் நகரும். இப்போது ஓட்டோவில் போவதில்லை, தெரிந்தவரின் வான்தான்.

ஏப்ரலில் முதல் தடவை சுட்டாள். எல்லாம் மேலே விழுந்தன. குறிபார்க்கும் பின் சைட்டின் திருகில் 'எச்' என்ற எழுத்து, அம்புக்குறியோடு. ஜெர்மன் சொல், 'மேலே' என்று அர்த்தம் என்று தொலைபேசி காட்டியது. அப்படியென்றால் அந்தப் பக்கம் திருகினால் குண்டு மேலே போகும் என்று நினைத்து, எதிர்ப் பக்கம் திருகச் சொன்னேன். இன்னும் மேலே போனது. நாற்பது பெலட் முடிந்து, இலக்கு அட்டைக்கு வெளியே போகத் தொடங்கிய பிறகு கையேட்டைத் தேடினோம். குண்டு மேலே விழுந்தால் 'எச்' பக்கம் திருகு, வலப்பக்கம் விழுந்தால் 'ஆர்' பக்கம் திருகு என்று அதில் இருந்தது. எழுத்து பிழையைச் சொல்கிறது, நகரும் திசையை அல்ல. மகள் அந்த வசனத்தைத் தமிழில் எழுதி மூடிக்குள் ஒட்டியிருக்கிறாள்.

இனி பெலட். இதற்காகத்தான் இவ்வளவும் எழுத வந்தேன்.

பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீற்றர் அகலமான ஒரு பொட்டு. பெலட்டின் விளிம்பு அதைத் தொட்டால் பத்து. கணக்குப் போட்டால், பத்துக் குண்டும் சேர்ந்து செய்யும் துளைக்கூட்டத்தின் வெளி அகலம் 9.5 மில்லிமீற்றருக்குள் இருந்து, நடுவிலும் விழுந்தால் எல்லாமே பத்து. ஆனால் இப்போது தசமத்தில்தான் புள்ளி, 10.0இலிருந்து 10.9 வரை. எல்லாக் குண்டும் 10.5க்கு மேலே வேண்டுமென்றால் அந்த அகலம் 7 மில்லிமீற்றருக்குள் வர வேண்டும். ரைபிளும் பெலட்டும் மட்டும் சேர்ந்து அதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் பிள்ளையின் கை அசைவு அதற்கு மேலேதான் சேரும்.

பெலட்டின் தலை அளவு 4.49, 4.50, 4.51 என்று தகரத்தில் இருக்கும். எந்த அளவு எந்த ரைபிள் குழாய்க்குப் பிடிக்கும் என்பதைச் சுட்டுப் பார்த்துத்தான் அறியலாம். அதைவிட முக்கியம் லொட் இலக்கம், ஒரே தடவையில் செய்த தொகுதியின் இலக்கம். ஒரே பெயர், ஒரே அளவு, ஆனால் வேறு நாள் செய்தது என்றால் அது வேறு பெலட்.

மே மாதம் நாலு தகரம் எடுத்துச் சோதித்தோம். மகளின் பழைய ஜீன்ஸ் காலைத் தைத்து, அரிசி நிரப்பி, அதன் மேல் ரைபிளை வைத்துச் சுட்டாள். கடற்கரை மணல் போடலாம் என்றுதான் முதலில் யோசித்தேன். உப்பு துருவைக் கொண்டுவரும் என்று சேர் தடுத்தார். பத்துப் பத்தாகச் சுட்டு, துளைக்கூட்டத்தின் அகலத்தை வேர்ணியர் அளவுகோலால் மில்லிமீற்றரில் அளந்தோம். ஒரு தகரத்தில் 8, அதே தகரத்தில் அடுத்தது 13. இன்னொன்றில் 11. குண்டுகள் இரண்டு இடத்தில் போய்க் கூடின, நடுவில் வெற்றிடம். மகள் கண்கலங்கிவிட்டாள், தன் கைதான் பிழை என்று நினைத்து. நான் பெலட்தான் பிழை என்று நினைத்தேன். நாலில் கொஞ்சம் நன்றாகத் தெரிந்த லொட்டில் ஐந்து தகரம் வாங்கினேன். தகரத்துக்கு 500, மொத்தம் 2500 பெலட். அவையும் இரண்டு இடத்தில்தான் விழுந்தன.

மூன்று கிழமைக்குப் பிறகு, பெட்டியில் வைக்கும்போது மகளின் விரல் பின் சைட்டில் பட்டது. "அப்பா, இது ஆடுது." சைட்டை ரைபிளின் தண்டவாளத்தில் பிடித்து வைக்கும் திருகு தளர்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம், விரலுக்கு மட்டும் தெரிந்தது. அதோடு மே மாதத்து அட்டை முழுவதும் குப்பை. அந்தச் சோதனையை நம்பி வாங்கிய ஐந்து தகரமும் என்ன தரம் என்று தெரியாத நிலை.

திருகுகள் எல்லாவற்றையும் கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு இறுக்கி, அவற்றின் தலையில் நகப்பூச்சால் கோடு போட்டோம். கோடு விலகியிருந்தால் திருகு அசைந்திருக்கிறது என்று அர்த்தம். பிறகு முதலிலிருந்து தொடங்கினோம். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் மட்டும். பெலட் மாற்றினால் முதல் பதினைந்து குண்டு கணக்கில் இல்லை, குழாய் புது ஈயத்துக்குப் பழக வேண்டும். சிலிண்டரின் அளவுமானி முள் 70 பாருக்குக் கீழே வந்ததும் நிறுத்தினோம், எங்கள் ரைபிளில் அதற்குப் பிறகு குண்டு தாழத் தொடங்குகிறது. ஒவ்வொரு லொட்டுக்கும் மூன்று அட்டை.

4.49: 8.9, 9.4, 8.7. 4.51: 7.9, 8.8, 8.1. நான் ஐந்து தகரம் வாங்கிய 4.50: 8.2, 9.1, 8.4. மே மாதத்தில் 13 காட்டியதால் ஒதுக்கி வைத்த மற்ற 4.50: 6.6, 6.8, 6.5.

மகள் அந்த மூன்று அட்டையையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரே துளை போலத் தெரிந்தது. கோச் சேர் வேர்ணியரை வாங்கித் தானே இரண்டு தடவை அளந்தார். பிறகு மகளின் தலையில் கை வைத்து, "ரைபிள் சரி. இனி உன்னுடைய வேலை" என்றார். அன்று பின்னேரம் அவள் நின்று சுட்ட 60 குண்டில் 51 பத்து. அதற்கு முன் கழக ரைபிளில் அவளுடைய கூடிய எண்ணிக்கை 38.

வாங்கி வைத்த ஐந்து தகரமும் பயிற்சிக்குப் போகின்றன. அவற்றை மூடி இறுக்கி, சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்திருக்கிறோம். இந்த ஊர் ஈரத்தில் ஈயத்தில் வெள்ளைப் பொடி பூக்கும், அப்படிப் பூத்ததைச் சுட வேண்டாம். சுட்டு முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் சாப்பிடவும் விடுவதில்லை.

நல்ல லொட்டைத் தேடி அடுத்த நாளே விற்பவரிடம் போனேன். சோதித்தது போக மூன்று தகரம்தான் அவரிடம் மிச்சம், மூன்றையும் வாங்கிவிட்டேன். மே மாதத்தில் பன்னிரண்டு இருந்ததாம். மூன்று தகரம் என்றால் 1500 பெலட். போட்டிக்கு 60, அதற்கு முன் பார்வை பிடிக்க ஒரு முப்பது என்று வைத்தால் பதினாறு போட்டிக்குக் காணும். லொட் இலக்கத்தை எழுதி அவரிடம் கொடுத்திருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து அடுத்த பெட்டி வரும்போது அழைப்பதாகச் சொன்னார். வேறு லொட்தான் வந்தாலும் ஒவ்வொன்றிலும் ஒரு தகரம் எடுத்து, திருகுக் கோடுகளைப் பார்த்துவிட்டு, அரிசிப் பையை மறுபடி மேசையில் வைப்போம்.